மதுரையிலிருந்து பறக்க எவ்வளவு நேரம்? கேள்வி பதில்

அண்ணே, சென்னைக்கு ரோட்டில் 460 கிலோமீட்டர். வானத்தில் எவ்வளவு? டிக்கெட்டில் ஒண்ணேகால் மணி நேரம் போட்டிருக்கிறதே, ஜெட்டுக்கு இது அதிகமில்லையா?

நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர்தான் தம்பி. ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. மதுரையில் சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்ததிலிருந்து சென்னையில் மறுபடி கட்டை வைக்கிற வரைக்குமான கணக்கு அது. ஓடுபாதை முனைக்கு உருண்டு போக வேண்டும், சென்னையில் நெரிசல் என்றால் வட்டமடிக்க வேண்டும், இறங்கியபின் நிற்குமிடம் தேடிப் போக வேண்டும். காற்றில் இருப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைப்பார்கள், தாமதமாகக் கிளம்பினாலும் சொன்ன நேரத்துக்கு இறக்கிவிடலாம் பாருங்கள்!

விசிறி வைத்த சின்ன விமானம் ரொம்ப லேட்டாகுமா?

அந்த விசிறி விமானம், ஏடிஆர் என்பார்கள், மணிக்கு 500 கிலோமீட்டர் போகும், ஜெட் 800க்கு மேல். ஆனாலும் இந்தத் தூரத்துக்கு வித்தியாசம் இருபது நிமிஷம் போலத்தான். ஜெட் மேலே ஏறி வேகம் பிடிப்பதற்குள் இறங்கும் வேலை வந்துவிடும். எனக்கு ஏடிஆர்தான் பிடிக்கும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் மறைக்காது. மழைக்குப் பிறகு கண்மாய்கள் ஒவ்வொன்றாக மின்னுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கொழும்பு சென்னையைவிடப் பக்கம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். சுமார் 355 கிலோமீட்டர். மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் போனதும் அங்கேதான், 2012இல். என்ன, குடியேற்றச் சோதனை வரிசை இருக்கிறதே, அதற்கு முன்கூட்டியே போய் நிற்க வேண்டும்.

தம்பி, மகன் துபாயில் இருக்கிறான். போகும்போது நாலு மணி நேரத்துக்கு மேல், வரும்போது குறைவு என்கிறான். பாதை ஒன்றுதானே?

பாதை ஒன்றுதான் அம்மா, சுமார் 2,950 கிலோமீட்டர். காற்றுதான் வேறு. வளைகுடாப் பக்கம், முக்கியமாகக் குளிர்காலத்தில், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமாக வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே தள்ளிவிடும். இன்னொன்று, இறங்கும் நேரம் எப்போதும் அந்த ஊர் நேரத்தில் இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை பத்துக்குக் கிளம்பி பன்னிரண்டரைக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், பயணம் நாலு மணி நேரம்.

துபாயா, சிங்கப்பூரா, எது தூரம்?

கிட்டத்தட்ட சமம். சிங்கப்பூர் 3,010. அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால் டிக்கெட்டைப் பார்த்தால் மலைப்பாகத் தெரியும்.

சென்னைக்கு ரயிலா, விமானமா? வீடு அண்ணா நகர்.

தேஜஸ் ரயில் எழும்பூருக்கு ஆறு மணி நேரத்துச் சொச்சம். விமானம் என்றால் இங்கே விமான நிலையம் இருக்கும் பெருங்குடி வரை ஆட்டோ, முன்கூட்டிய ஒன்றரை மணி நேரம், பறப்பது, பெட்டிக்குக் காத்திருப்பது, அப்புறம் மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போவது என்று நாலரை மணி நேரம் ஓடிவிடும். அண்ணா நகருக்கோ எழும்பூர் பக்கமோ போவதென்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். தாம்பரம், கிண்டி பக்கம் அவசர வேலை என்றால் விமானம்.