உள்ளே வரலாமா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது: கலை மைய வடிவமைப்பு, கேள்வி பதில்

பொதுக் கலை, பண்பாட்டு மையங்களை வடிவமைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கட்டடக்கலை மாணவி: அக்கா, முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்தால் உள்ளே நடப்பது தெரியும், மக்கள் தயங்காமல் வருவார்கள் என்கிறார்கள். உண்மையா?

இரவில் உண்மை. பகலில் நேர்மாறு. வெளியே வெயில், உள்ளே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் குறைவு. அந்த நேரத்தில் அது முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

நான் வேலை செய்த ஒரு மையத்தின் எதிரே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண், கையைப் பிடித்தபடி ஒரு சிறுவன். கதவுக்கு அருகே வந்தார். அவர் உருவம்தான் அதில் தெரிந்தது, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். கைப்பிடியைத் தள்ளுவதா இழுப்பதா என்று புரியவில்லை. அதற்குள் உள்ளே சீருடையில் இருந்த ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பையனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண் போய்விட்டார். அன்று உள்ளே நடந்தது இலவசக் கண்காட்சி.

பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். வாசலுக்கு மேல் ஆழமான கூரை நீட்டிக் கண்ணாடியில் விழும் வெளிச்சத்தைக் குறைத்தோம். உள்ளே, நேர் எதிர்ச் சுவருக்கு நல்ல விளக்கு போட்டோம். காவலர் மேசையை வாசலுக்கு நேராக இல்லாமல் பத்தடி உள்ளே, பக்கவாட்டில் போட்டோம். திறந்திருக்கும் நேரத்தில் கதவையும் திறந்தே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

நகராட்சிப் பொறியாளர்: நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் கட்டடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

காரணம் எதுவும் சொல்லாமல் ஒருவர் வந்து உட்கார இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லண்டனில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசையரங்கம் 1951-ல் திறந்தது. 1983 முதல் அதன் முன்கூடங்களை நாள் முழுக்க எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். டிக்கெட் இல்லாதவரும் போய் உட்காரலாம், படிக்கலாம், நண்பருக்காகக் காத்திருக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பிரேசிலில், சாவோ பாவ்லோ நகரின் செஸ்க் பொம்பேயா என்ற பண்பாட்டு மையம். பழைய பீப்பாய்த் தொழிற்சாலை அது. கட்டடக்கலைஞர் லீனா போ பார்டி பார்க்கப் போனபோது குழந்தைகளும் குடும்பங்களும் ஏற்கெனவே அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த உயிர்ப்பைக் கெடுக்கக் கூடாது என்று இடிக்காமல் வைத்துக்கொண்டார். 1982-ல் மையம் திறந்தது. பெரிய கூடத்தின் தரையில் ஆறு போல வளைந்து ஓடும் ஆழமில்லாத நீர், ஒரு கணப்பு, சுற்றி உட்கார இருக்கைகள். அங்கே எதையும் பார்த்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும் என்பதில்லை.

உங்கள் கட்டடத்திலும் அப்படி ஒரு கூடம் வேண்டும். முதுகு சாய்க்கும் இருக்கை, குடிநீர், போன் சார்ஜ் செய்ய பிளக், பூட்டாத கழிப்பறை. இந்த நான்கும் இருந்தாலே வெறிச்சோடுவது பெரிதும் குறையும்.

சக்கர நாற்காலி பயன்படுத்தும் வாசகர்: சாய்தளம் இருக்கிறது என்கிறார்கள். போய்ப் பார்த்தால் பின்பக்கம், குப்பைத் தொட்டி பக்கத்தில். ஏன் இப்படி?

படிக்கட்டை முதலில் வரைந்துவிட்டுச் சாய்தளத்தைக் கடைசியில் ஒட்டவைப்பதால்தான், ஐயா. உங்கள் கோபம் நியாயமானது. 1:12 சரிவு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால், 60 செ.மீ. உயரம் ஏற 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அதை முன்பக்கம் வைக்க இடமில்லை என்பார்கள். முன்வெளித் தரையையே 1:20 சரிவில் மெல்ல உயர்த்திக் கதவுவரை கொண்டுவந்தால் 12 மீட்டர் போதும், படியே தேவையில்லை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவரும், கைத்தடியோடு வருபவரும், நீங்களும் ஒரே வழியில் வரலாம். பாரிஸில் 1977-ல் திறந்த பொம்பிடு கலை மையத்தின் முன்சதுக்கமும் கட்டடத்தை நோக்கி மெல்லச் சரிந்து இறங்குகிறது. கிடைத்த நிலத்தில் ஏறக்குறையப் பாதியைக் கட்டாமல் திறந்தவெளியாக விட்டதால்தான் அது முடிந்தது.

அரங்கத்துக்குள்ளும் சக்கர நாற்காலிக்கான இடங்களைக் கடைசி வரிசை மூலையில் கொண்டுபோய்க் குவிக்கக் கூடாது. வெவ்வேறு வரிசைகளில், பக்கத்தில் உடன் வருபவருக்கும் இருக்கையோடு இருக்க வேண்டும்.

நாடகக் குழுவினர்: ஒரே அரங்கம் இசைக்கும் நாடகத்துக்கும் சரிப்படுமா?

எதிரொலிதான் சிக்கல். வசனம் தெளிவாகக் கேட்க, ஒலி ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும். பெரிய வாத்தியக் குழுவுக்கு இரண்டு விநாடி அளவுக்கு நீண்டால்தான் நாதம் நிறையும். சுவரோரம் இழுத்து மூடும் கனத்த திரைகளால் ஓரளவு மாற்றலாம். முழுக்க முடியாது. எது அதிகம் நடக்கும் என்று முடிவுசெய்து அதற்கே கட்டுங்கள். ஏசி இரைச்சலை மறந்துவிடாதீர்கள். காற்றுக் குழாய் அகலமாக இருந்து காற்று மெதுவாகப் போனால் சத்தம் குறையும்.

நடன ஆசிரியை: எங்களுக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்ட அறை கொடுத்திருக்கிறார்கள்.

கான்கிரீட் மேல் டைல்ஸ் என்றால் ஒவ்வொரு அடியும் முழங்காலில்தான் இறங்கும். ரப்பர் தாங்கிகள் மேல் மரச்சட்டம், அதன் மேல் மரத்தரை என்று துள்ளும் தளம் கேளுங்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓவியர்: காட்சிக்கூடத்தில் நுழைந்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஏன் இவ்வளவு இருட்டு, மேடம்?

தாளில் வரைந்தவையும் துணிகளும் வெளிச்சத்தில் வெளிறிவிடும். அவற்றுக்கு 50 லக்ஸ் (மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான் என்பது பரவலான வழக்கம். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். அங்கிருந்து நேரே நுழைந்தால் கண்ணுக்குப் பழக நேரமே இல்லை. நடுவே வெளிச்சம் படிப்படியாகக் குறையும் ஒரு நடைவழியும் உட்கார ஒரு பெஞ்சும் இருந்தால் போதும், விளக்கைக் கூட்டவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று மீட்டர் உயர ஓவியம் ஒன்று இரண்டு மீட்டர்க் கதவில் நுழையாமல், சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி உள்ளே கொண்டுபோனதை நான் நின்று பார்த்திருக்கிறேன். வரைந்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லாரி நிற்கும் இடத்திலிருந்து சுவர்வரை எல்லாக் கதவையும் அளந்து பாருங்கள்.

வாசகி: இடைவேளையில் பெண்கள் கழிப்பறை வரிசை மட்டும் ஏன் நீள்கிறது?

இரு பக்கமும் ஒரே பரப்பளவு கொடுத்துச் சமம் என்று நினைப்பதால். ஆண்கள் பக்கம் அதே இடத்தில் அதிகம் பேருக்கு வசதி அடங்கிவிடும். பெண்களுக்கு நேரமும் கூடுதலாகும். எண்ணிக்கையில் குறைந்தது இருமடங்கு பெண்களுக்கு வேண்டும். குழந்தைக்கு உடை மாற்றும் பலகையை இரு பக்கமும் வையுங்கள்.

கலாச்சாரக் குழுச் செயலாளர்: மக்களிடம் கருத்து கேட்டோம். எல்லோரும் "பெரிய அரங்கம்" என்றே சொன்னார்கள்.

"என்ன வேண்டும்" என்று கேட்டால் தெரிந்த பதில்தான் வரும். "காசு செலவழிக்காமல் கடைசியாக இரண்டு மணி நேரம் எங்கே இருந்தீர்கள்? யாரோடு? எதில் உட்கார்ந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்துக்கு வராதவர்களிடம் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேளுங்கள். வரைபடம் போடத் தொடங்கும் முன்பே கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் திரைச்சீலை நிறத்தைத்தான் அவர்களால் மாற்ற முடியும்.