ஆறாவது தோட்டா

அன்புள்ள ஐயா,

அலாஸ்காவில், ஆங்கரேஜில் வசிக்கிறேன். ரிவால்வர்களைச் சேகரிப்பவன். ஸ்மித் அண்ட் வெஸன் 329பிடி ஒன்று பெட்டியில்லாமல் விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே எதையும் மாற்றவில்லை என்று எப்படி உறுதி செய்வது? கீனாய் ஆற்றில் மீன்பிடிக்கும்போது கரடிக்காக இடுப்பில் வைத்துக்கொள்வேன்; மதிப்புக் குறையும் என்பதால் சுட்டுப் பார்க்கப் போவதில்லை.

முரளி

அன்புள்ள முரளி,

தோட்டாக்களை ஏந்திச் சுழலும் உருளையான சிலிண்டரை வெளியே திறந்தால், அதைத் தாங்கும் கை பொருந்தும் இடத்தில் மாடல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1957 முதல் அந்நிறுவனத்தின் வழக்கம் அது. சட்டகம் சிறிதளவு ஸ்காண்டியம் கலந்த அலுமினியம், சிலிண்டர் டைட்டானியம். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. சிலிண்டரில் ஒட்டினால் யாரோ எஃகுக்கு மாற்றியிருக்கிறார்கள். குழலின் பின்முனைக்கு மேலே, வெப்ப வாயு சட்டகத்தை அரிக்காமல் காக்கும் மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

உங்கள் கடைசி வரி என்னைக் கோபப்படுத்தியது. சுடாத துப்பாக்கியை அலமாரியில் வையுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. கரடி உலவும் ஆற்றங்கரைக்கு அதை நம்பிப் போவது மூடத்தனம். அதே நிறுவனத்தின் நான்கு அங்குலக் குழலுள்ள எஃகு ரிவால்வர் 629 ஏறத்தாழ 1.2 கிலோ, 2003இல் வந்த 329பிடி ஏறத்தாழ 700 கிராம். இரண்டிலும் அதே .44 மேக்னம் தோட்டாதான் என்பதால், குறைந்த எடை முழுவதும் பின்னுதைப்பாக உங்கள் உள்ளங்கைக்கு வந்து சேரும். கை வலிப்பதை விடுங்கள். ஒவ்வொரு வெடிப்பிலும் துப்பாக்கி பின்னோக்கித் துள்ளும்போது, இன்னும் வெடிக்காத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளும் அதனுடன் பின்னால் இழுபட, கனமான ஈயக் குண்டுகள் கூட்டின் பிடியிலிருந்து சிறிது சிறிதாக முன்னே நழுவி, சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, அதைச் சுழலவிடாமல் பூட்டிவிடும்.

மான்டானாவில் நான் வேலை பார்த்தபோது எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்த முதியவர், வேட்டை வழிகாட்டியாக வாழ்ந்தவர், எந்தப் புதிய தோட்டாவையும் இந்தச் சோதனையின்றி இடுப்பில் ஏற்றமாட்டார். ஆறாவது தோட்டாவின் நீளத்தை முதலில் வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்வார். மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டு அதை மீண்டும் அளப்பார். நீண்டிருந்தால் அந்தத் தோட்டாப் பெட்டியையே ஒதுக்கிவிடுவார்.

உங்களுக்கும் வீட்டில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், தம்பி. வாங்கிய வாரமே சுடுதளத்துக்குப் போய், ஆற்றுக்கு எடுத்துச்செல்ல நினைக்கும் அதே தோட்டாவில் இதைச் செய்யுங்கள். குண்டு நகர்ந்தால், கூட்டின் வாய் இன்னும் இறுக்கமாக மடிக்கப்பட்ட வேறொரு தயாரிப்பை வாங்கி, மறுபடியும் ஐந்தைச் சுட்டு ஆறாவதை அளந்து பாருங்கள்.