ஆட்டிசம் இருக்கற பையனை ஸ்கூல்ல அடிக்கடி வெளிய நிக்க வைக்கறாங்க, டிசி வாங்கிக்கச் சொல்றாங்க. என்ன பண்றது?

டிசி வாங்காதீங்க. முதல்ல அத சொல்லிடறேன். "நாங்களே விருப்பப்பட்டு எடுத்துக்கறோம்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்கம்மா"ன்னு ரொம்ப தன்மையா கேப்பாங்க, குடுத்துட்டா அப்புறம் நீங்க எங்க போனாலும் அந்த பேப்பரைத்தான் எடுத்து காட்டுவாங்க.

உங்க பையன் நல்லா பேசுவான், ஓரளவு மார்க்கும் வாங்குவான்னு நினைக்கறேன், அந்த மாதிரி புள்ளைங்களத்தான் திமிருன்னு சொல்வாங்க. என் பையனையும் அப்படித்தான் சொன்னாங்க. நாங்க கோத்தகிரி. இங்க யூனிஃபார்ம்ல கம்பளி ஸ்வெட்டர் உண்டு, அது கழுத்துல பட்டா அவனுக்கு ஊசி குத்தற மாதிரி இருக்கும், கழட்டி பைக்குள்ள திணிச்சிடுவான். அதுக்கு தண்டனை வராண்டால நிக்கறது. காலைல மிஸ்ட் இறங்கி எதிர்ல ஆள் தெரியாது, வெறும் சட்டையோட நின்னிருக்கான். குளிருக்குன்னு குடுத்த துணிய போடலன்னு குளிர்லயே நிறுத்தறாங்கன்னா அதுக்கு பேரு டிசிப்ளினா? இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு ஆறல.

எங்க பக்கம் ஐப்பசி கார்த்திகைலதான் மழை ஊத்தும். அவன் கிளாஸுக்கு மேல தகர ஷீட்டு. சத்தம் தாங்காம காத பொத்திக்கிட்டு பெஞ்சுக்கு அடில போய்ட்டான், மிஸ் கைய புடிச்சு இழுத்திருக்காங்க, இவன் உதறினதுல அவங்க மேல பட்டிருச்சு. டைரில "டீச்சரை அடித்தான்"னு சிவப்பு இங்க்ல எழுதி வந்துச்சு. இழுத்தத யாரும் எழுதல.

டீச்சர்ஸ் யாராவது சண்டைக்கு வருவீங்க, நாப்பது புள்ளைய வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றதுன்னு. கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஸ்பெஷல் எஜுகேட்டர் போடாதது மேனேஜ்மென்ட், அதுக்கு ஏழு வயசு புள்ள ஏன் வெளிய நிக்கணும்?

எங்களுக்கு வேலைக்கு ஆனது எழுத்துதான். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்ட (சத்தம், தொடுதல் மாதிரி விஷயங்கள சமாளிக்க புள்ளைக்கு பயிற்சி குடுக்கறவங்க), கம்பளியும் பெரிய சத்தமும் அவனுக்கு வலி, அது அடம் இல்லன்னு லெட்டர் வாங்கினோம். அதுக்கு கோயமுத்தூர் இறங்கணும். சீசன்ல இறங்கி பாருங்க, டூரிஸ்ட் வண்டி வரிசைல பஸ் நகராது, அப்பாயின்ட்மென்ட் போயிரும், புள்ள ஹாரன் சத்தத்துல அழுதுக்கிட்டே வருவான். மலர் கண்காட்சிக்கு இவ்ளோ ஏற்பாடு பண்றவங்க மலைலயே ஒரு நல்ல தெரபி சென்டர் வைக்க மாட்டாங்களா? சரி, அது வேற கதை.

அந்த லெட்டரோட நாங்களும் ஒண்ணு எழுதி ஹெச்எம் ஆபீஸ்ல குடுத்து, காப்பில சீல் போட்டு வாங்கிக்கிட்டோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 படி அடிக்கறதும் குத்தம், மனசளவுல கொடுமைப்படுத்தறதும் குத்தம். எட்டாவது முடியற வரைக்கும் ஸ்கூல விட்டு நீக்கவும் முடியாது, அது பிரிவு 16. மலைல மிஷன் ஸ்கூல் நிறைய, சிறுபான்மை ஸ்கூலுக்கு அந்த சட்டம் பொருந்தாதுன்னு 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப காட்டுவாங்க. காட்டட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அங்கீகாரம் வாங்கின ஸ்கூலுக்கெல்லாம் உண்டு, அதுல இருக்கற 21 வகைல ஆட்டிசமும் ஒண்ணு, பாகுபாடு இல்லாம சேத்துக்கணும், புள்ளைக்கு தேவையான வசதிய செஞ்சு தரணும்னு இருக்கு. யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லன்னா உடனே அப்ளை பண்ணுங்க, முதல் கேள்வியே அதுதான் வரும்.

ஒரு வாரம் பேச்சே இல்ல. அப்புறம் கூப்பிட்டு, அதே கலர்ல ஃப்ளீஸ் ஜாக்கெட் போட்டுக்கட்டும், மழை வலுத்தா லைப்ரரில உக்காரட்டும்னாங்க. அவ்ளோதான், ஸ்கூலுக்கு ஒரு பைசா செலவில்ல. மத்த புள்ளைங்க கேக்கும்னு பயமுறுத்தினாங்க, ஒரு புள்ளயும் கேக்கல. மழை வந்தா "டேய் நீ லைப்ரரி போடா"ன்னு அதுங்களே சொல்லுதுங்க.

லெட்டருக்கு பதில் வரலன்னா உங்க மாவட்ட (எங்களுக்கு ஊட்டில) முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. அடிச்சாங்கன்னா 1098க்கு போன். உங்க பையன் எத்தனாவது, எதுக்கு வெளிய அனுப்பறாங்கன்னு கமென்ட்ல போடுங்க, லெட்டர்ல என்ன எழுதணும்னு சொல்றேன்.