ஈரத் திப்பியை அப்படியே குளத்தில் கொட்டாதீர்கள்

வணக்கம் நண்பரே. ஆத்தூர் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் ஈரத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, வாங்கி அரை ஏக்கர் குளத்தில் கொட்டுவதாகவும், விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நோய் என்று பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். அடியில் படிந்த மாவு புளித்து அழுகி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. பொழுது விடியும் நேரத்தில்தான் அது மிகவும் குறையும். இன்றே தீனியை நிறுத்துங்கள். நள்ளிரவுக்கு மேல் விடியும்வரை மோட்டார் போட்டு, தண்ணீரை உயரத்திலிருந்து விழ விடுங்கள். புதுத் தண்ணீர் பாய்ச்ச முடிந்தால் இன்னும் நல்லது.

மீன் தேறியதும் திப்பி கொடுக்கலாம், ஆனால் தனியாக வேண்டாம். அதில் புரதம் 2, 3 சதவீதம்தான் இருக்கும். கட்லா, ரோகு போன்ற கெண்டை மீனுக்கு 25 சதவீதமாவது வேண்டும். கடலைப் புண்ணாக்கு 5 பங்கு, தவிடு 3 பங்கு, காய்ந்த திப்பி 2 பங்கு என்று கலந்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். திப்பியை நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். மரவள்ளியின் சயனைடு அப்போதுதான் குறையும். பூசணம் பிடித்த புண்ணாக்கை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், கையால் வீச வேண்டாம். அடியில் ஓட்டை போட்ட உரச் சாக்கைக் கழுவி, தீனியை நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிடுங்கள். மீன் முட்டி முட்டித் தின்னும். சாயங்காலம் சாக்கில் மீதி இருந்தால் மறுநாள் குறைத்துப் போடுங்கள். குளத்தின் ஆழத்தையும், எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்பதையும் எழுதினால் தினசரி அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.