குடியாத்தம் மாடியில் கிராம்புச் செடி: இலை ஓரம் கருகுவது ஏன்?

நோய் இல்லைங்க, வெயில்தான். கிராம்பு கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலை மாதிரி ஈரக்காற்றும் நல்ல மழையும் உள்ள மலைச்சரிவில் வளரும் மரம். அதைக் கொண்டுவந்து குடியாத்தத்து மொட்டைமாடியில், அக்னி நட்சத்திரத்தில் வைத்தால் இலை கருகாமல் என்ன செய்யும்? மருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

முதலில் தொட்டியைக் கீழே இறக்குங்கள். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம், மாமர நிழல் இருந்தால் இன்னும் நல்லது. மண் மேல் தேங்காய் மட்டையோ சருகோ பரப்பி, ஈரம் காயாமல் பாருங்கள். ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றால் அதுவும் இலை ஓரத்தைக் கருக்கும், அதனால் முடிந்தவரை மழைநீர் ஊற்றுங்கள். உரம் இப்போது வேண்டாம், மழைக்குப் பிறகு கொஞ்சம் மட்கிய சாணி போதும்.

அப்புறம், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கிராம்போடு பட்டை, ஜாதிக்காய் வாசனையும் கலந்து வந்தால் அது கிராம்பே இல்லாமல், சர்வசுகந்தி (ஆல்ஸ்பைஸ்) என்ற வேறு வாசனை மரமாக இருக்கலாம். அதுவும் லாபம்தான், இலையைப் பிரியாணியில் போடலாம்.

எப்போது காய்க்கும் என்று கேட்டிருந்தீர்கள். நாம் வாங்கும் கிராம்பு காய் இல்லை, விரியாத பூமொட்டு. பச்சை மாறிச் சிவக்கத் தொடங்கும்போது பறித்து வெயிலில் காய வைப்பார்கள். ஏற்ற ஊரிலேயே முதல் மொட்டுக்கு ஏழெட்டு வருடம் ஆகும். நம்மூர்த் தொட்டியில் மொட்டை நான் எதிர்பார்க்க மாட்டேன். வாசனை இலைக்காக வளர்க்கலாம்.