சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தை 15 வாரத்தில் உருப்படியாக நடத்துவது எப்படி?

இணைப்புக் கல்லூரி, 60 மாணவர்கள், வாரம் 3 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் லேப். புராஜெக்ட்டை எங்கே தொடங்குவது, மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் கேள்வி.

முதல் வேலையாக லேப் மேனுவலில் இருக்கும் பட்டியலை ஓரம் கட்டுங்கள். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டனன்ஸ்... எல்லாவற்றுக்கும் யூஸ் கேஸ், கிளாஸ், சீக்வென்ஸ் என்ற வடிவமைப்புப் படங்கள் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டில் தயாராக இருக்கின்றன. தலைப்புகளில் குறையில்லை. வரைந்த படத்தை வைத்து யாரும் கோடு (நிரல்) எழுதுவதில்லை. அதனால் படம் தப்பா சரியா என்பது கடைசிவரை யாருக்கும் தெரிவதில்லை.

வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்க விடாதீர்கள். வேலைக்குப் போனால் பெரும்பாலும் அடுத்தவர் எழுதிய கோடுதான் கைக்கு வரும். ஆகவே 3,000 வரி அளவில் ஓடும் நூலக மென்பொருள் ஒன்றை நீங்களே கொடுங்கள், உள்ளே ஐந்தாறு பிழைகளை வைத்து. நூலக விதிகள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் விளக்கவே வாரம் போகாது. உதாரணமாக, புத்தகத்தை 14 நாள் வைத்துக்கொள்ளலாம். 15-ஆம் நாளிலிருந்து அபராதம். கோடில் > இருக்க வேண்டிய இடத்தில் >= இருந்தால் 14-ஆம் நாளே அபராதம் விழும். முதல் 3 வாரம் ஒவ்வொருவரும் தனியாக ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அதைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட்டை (கோடைச் சோதிக்கும் சிறு நிரலை) முதலில் எழுதி, பிறகு திருத்தி, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்ப வேண்டும். கமிட் (பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றம்) குறிப்பில் 'சரிசெய்தேன்' என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

முதல் லேப் பெரும்பாலும் ப்ராக்ஸியிலும் ஜாவா பதிப்புச் சண்டையிலுமே கரைந்துவிடும். கல்லூரி லேனுக்குள்ளேயே ஒரு பழைய கணினியில் கிட்டீ (கோடைச் சேமித்துப் பகிரும் மென்பொருள்) சர்வர் போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

4 முதல் 12 வரை குழு வேலை, மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஏதாவது ஒன்று ஓடியாக வேண்டும். குழுவுக்கு 4 பேர் போதும். 6 பேர் போட்டால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஜோடியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், எந்த இரண்டு ஜோடி சேர்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

8-ஆம் வாரம் விதியை மாற்றுங்கள்: குழந்தைகள் புத்தகத்துக்கு 7 நாள்தான், விடுமுறை நாளுக்கு அபராதம் கிடையாது. 14 என்ற எண்ணை ஒன்பது கோப்புகளில் நேரடியாக எழுதிவைத்த குழு திண்டாடும். கப்ளிங் (பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது), கொஹிஷன் (ஒரு பகுதி ஒரே வேலையில் நிற்பது) பாடத்தை அடுத்த நாள் எடுங்கள். முன்பே எடுத்தால் மனப்பாடப் பகுதியாகிவிடும்.

10-ஆம் வாரம் குழுக்கள் தங்கள் கோடுகளை மாற்றிக்கொள்ளட்டும். வாங்கிய குழு, எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ரீட்மீ கோப்பை மட்டும் படித்து, போன் போடாமல், 30 நிமிடத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடவில்லை என்றால் கொடுத்த குழுவுக்கு மதிப்பெண் குறையும்.

அக மதிப்பீட்டில் குழுவுக்கு 40, தனிநபருக்கு 60. கமிட் எண்ணிக்கையை வைத்து மட்டும் போடாதீர்கள்: ஒரே லேப்டாப்பில் இருவர் வேலை செய்திருப்பார்கள், ஒருவரே இரண்டு மின்னஞ்சலில் கமிட் செய்திருப்பார், இன்னொருவர் ஒற்றை வரி மாற்றங்களாக நாற்பது தள்ளியிருப்பார். டெஸ்ட்டுக்கு மதிப்பெண் போட நல்ல வழி உண்டு. வெவ்வேறு பிழை வைத்த 10 பதிப்புகளில் மாணவரின் டெஸ்ட்டை ஓட்டுங்கள்; எத்தனையைப் பிடிக்கிறதோ அத்தனை மதிப்பெண். சரியான பதிப்பில் அது பாஸாகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் எப்போதும் ஃபெயிலாகும் டெஸ்ட்டை எழுதியவர் பத்துக்குப் பத்து வாங்கிவிடுவார்.

ஏஐ கோடு எழுதித்தரும் காலத்தில் வைவாவை விட்டால் வழியில்லை. அவரவர் கமிட்டைத் திறந்து, அங்கேயே ஒரு சிறு மாற்றம் செய்யச் சொல்லுங்கள். ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 60 பேருக்கு 10 மணி நேரம், அதாவது 5 லேப். இரண்டு ஆசிரியர் பிரித்துக்கொண்டால் கடைசி 3 வார லேபில் முடியும்.

வினாத்தாள் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதால் ஐந்து யூனிட்டையும் தொட்டாக வேண்டும். ப்ராசஸ் மாடல்களை (மென்பொருள் வேலையை எந்த வரிசையில் செய்வது என்ற முறைகளை) 2 வகுப்பில் முடிக்கலாம். ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று காட்டும் வாட்டர்ஃபால் படம் முதலில் வந்த இடம் என்று சொல்லப்படும் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வின்ஸ்டன் ராய்ஸே அப்படி ஒரே ஓட்டமாகப் போவது ஆபத்து என்றுதான் எழுதியிருக்கிறார். அந்தப் படத்துக்குப் பல மணி நேரம் தேவையில்லை. மிஞ்சும் நேரத்தை ரிக்வயர்மென்ட்டுக்கும் டெஸ்ட்டிங்குக்கும் கொடுங்கள்.

மாணவர்களுக்குக் கொடுக்கும் தொடக்கக் கோடு தயார் செய்ய ஒரு செமஸ்டர் விடுமுறை போய்விடும். அடுத்த ஆண்டு அந்த வேலை இல்லை: இந்த ஆண்டின் நல்ல குழு விட்டுச்சென்ற கோடில் புதிதாகப் பிழைகளை வைத்துக் கொடுத்தால் போதும், சீனியரின் ரெக்கார்டு நோட்டு அங்கே உதவாது.