மேஸ்திரி மகள் சிவில் படிக்கலாமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து கட்டட மேஸ்திரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாப்பா பிளஸ் டூ முடித்துவிட்டாள். சிவில்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார்கள். இனிமேல் வீட்டையே மெஷின் அச்சடித்துவிடுமாம், கட்டட வேலைக்கு ஆளே வேண்டாமாம். வெயிலில் நான் பட்டது போதும், அவளாவது நிழலில் உட்காரட்டும் என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?"

ஐயா, அவளுக்கு விருப்பம் இருக்கிறது என்றால் சிவிலிலேயே சேருங்கள். கம்ப்யூட்டர் வந்து கட்டடத் தொழிலை மாற்றிக்கொண்டிருப்பது உண்மை. ஆனால் அந்த மாற்றம் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குச் சாதகமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த அச்சடிக்கும் மெஷின், அதாவது த்ரீடி பிரிண்டர். சென்னை ஐஐடி வளாகத்தில் 2021 ஏப்ரலில் இப்படிக் கட்டிய 600 சதுர அடி வீடு ஒன்றைத் திறந்தார்கள். அங்கே படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா என்ற நிறுவனம் அதைக் கட்டியது. 2023இல் பெங்களூரு அல்சூரில் எல் அண்ட் டி நிறுவனம் 1,021 சதுர அடியில் ஒரு தபால் நிலையத்தையே இந்த முறையில் ஒன்றரை மாதத்துக்குள் கட்டி முடித்தது. மெஷின் ஒரு குழாய் வழியாகக் கலவையை வரிசை வரிசையாக விட்டுக்கொண்டே போகும், சுவர் எழும்பும். சரி, அப்புறம்? அஸ்திவாரம், கம்பி, கூரை, பைப், ஒயரிங் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அந்தக் கலவையே லேசுப்பட்டதில்லை. குழாயில் அடைக்காமல் ஓடவும் வேண்டும், மேல் வரிசை உட்காரும்போது கீழ் வரிசை பிதுங்காமல் நிற்கவும் வேண்டும். நம்ம வேலூர் மே மாத வெயிலில் கலவை எவ்வளவு சீக்கிரம் இறுகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கைப் போடுவது சிவில் படித்தவர்தான்.

அச்சடிக்கும் மெஷினைப் பற்றி இவ்வளவு போதும். உண்மையான மாற்றம் வேறு இடங்களில், சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. பிளான் அப்ரூவலைப் பாருங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையிலிருந்து, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்றிதழ் முறையில் இணையதளத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நீங்கள் கட்டுகிற வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான் இருக்கும். விதிகள் தெரிந்து, வரைபடத்தைப் பிழையில்லாமல் தயாரித்து ஏற்றிக் கொடுக்கிற ஆள் இன்று ஒவ்வொரு தாலுகாவிலும் தேவைப்படுகிறார்.

சர்வேயும் மாறிவிட்டது. சங்கிலி பிடித்து அளந்த இடத்துக்கு, தூரத்தையும் கோணத்தையும் தானே அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி வந்தது, இப்போது ட்ரோன் வந்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தன் சாலைப் பணிகளை மாதாமாதம் ட்ரோனில் படம் பிடிக்க வேண்டும் என்று 2021இல் கட்டாயமாக்கியது. ராணிப்பேட்டை மாவட்டம் வழியாகப் போகும் 262 கிலோமீட்டர் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலையும் அந்த ஆணையத்தின் வேலைதான். ட்ரோன் ஓட்டும் சான்றிதழுக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியும் போதும். அதனால் ஓட்டுவதற்கு நிறைய பேர் வருவார்கள். எடுத்த படத்திலிருந்து மேடு பள்ளம் எவ்வளவு, எத்தனை கன மீட்டர் மண் வெட்ட வேண்டும், எத்தனை கன மீட்டர் நிரப்ப வேண்டும் என்று சொல்பவர்தான் குறைவு. உங்கள் மகள் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய மாற்றத்தை 'பிம்' என்கிறார்கள். பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் என்பதன் சுருக்கம். இதை உங்களுக்கு விளக்குவது எனக்குச் சுலபம், ஏனென்றால் அது தீர்க்க வந்த தொல்லையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஸ்லாப் போட்டு முடித்த பிறகு பிளம்பர் வந்து பீமில் ஓட்டை போடவா என்று கேட்பார். பூச்சு முடிந்த சுவரை எலக்ட்ரீஷியன் கொத்துவார். ஆளுக்கொரு பிளானைக் கையில் வைத்திருப்பார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பிம் முறையில் தூண், பீம், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஏசி குழாய், மின்சார ஒயர் எல்லாவற்றையும் ஒரே முப்பரிமாண மாதிரியில் கொண்டுவந்துவிடுகிறார்கள். எது எதன்மேல் இடிக்கிறது என்பது அஸ்திவாரம் தோண்டும் முன்பே திரையில் தெரிந்துவிடும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஆக்சிஜன் குழாயிலிருந்து தீயணைப்புக் குழாய் வரை எத்தனை ஓடும் என்று யோசித்துப் பாருங்கள், இதன் அருமை புரியும். செங்கல், கம்பி, கான்கிரீட் அளவும் அதே மாதிரியிலிருந்தே வந்துவிடும்.

பிரிட்டனில் மத்திய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு இதை 2016இல் கட்டாயமாக்கினார்கள். வெளிநாட்டுக் கட்டடங்களுக்கான மாதிரிகளைச் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள அலுவலகங்களில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் செய்து கொடுக்கிறார்கள். நீங்கள் ஆசைப்படுகிற நிழல் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனாலும் படிப்பு முடிந்த கையோடு அவளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாம் என்பேன். முதல் ஓரிரண்டு வருடம் சைட்டில் நிற்கட்டும். கம்பி கட்டுவதைப் பார்க்காதவர் பிம் மாதிரியை உருவாக்கினால், தூணும் பீமும் சேரும் இடத்தில் கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இறங்கக்கூட இடமில்லாமல் கம்பியைத் திணித்து வைப்பார். திரை அதற்கு மறுப்புச் சொல்லாது. 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ என்பது உங்களுக்கு மனப்பாடம். மில்லிமீட்டரில் உள்ள கம்பி விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் எடை வரும் என்பதை அவள் கல்லூரியில் படிப்பாள். சாஃப்ட்வேரில் ஒரு எண்ணைத் தவறாகப் போட்டு கம்பிக் கணக்கு டன் கணக்கில் ஏறும்போது, 'இந்த வீட்டுக்கு இவ்வளவு கம்பி வராதே' என்று சட்டென்று தோன்ற வேண்டும். அந்தக் கண் உங்களிடம் இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுங்கள், இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள். டியூப் லெவல் பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் கற்றுக்கொள்ளட்டும்.

கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொடுத்த பிளானைப் பார்த்து அப்படியே வரைகிற வேலையும், டேப் பிடித்து அளவு எழுதுகிற வேலையும் குறைந்துகொண்டே வருகின்றன. அதை மட்டும் நம்பிப் படிக்கக் கூடாது. தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் ஐடி கம்பெனியில் சேரும் தோழியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பல சைட்டுகளில் பெண்களுக்குக் கழிவறை வசதிகூட இல்லை. இது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைக்கும் விஷயம். வேலைக்குச் சேரும்போது இதைக் கேட்பதற்கு அவள் கூச்சப்படவே வேண்டாம்.

எங்கே சேர்ப்பது? வேலூர் பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவு இருக்கிறது. கவுன்சலிங்கில் அதை மேலே வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம், அதில் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கட்-ஆஃப் எட்டவில்லை என்றால் லட்சக்கணக்கில் கடன் வாங்கி எங்கேயோ சேர்க்காதீர்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து மறுபடி பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.), ரயில்வே நடத்தும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுகளுக்கும் அந்த டிப்ளமோ செல்லும்.

ஒரு எச்சரிக்கை. 'எல்லா சாஃப்ட்வேரும் மூன்றே மாதத்தில், வேலை உறுதி' என்று நோட்டீஸ் கொடுக்கும் பயிற்சி மையங்களில் இப்போதே பணம் கட்டாதீர்கள். முதல் ஆண்டில் எக்ஸெல்லும் பிளான் வரையும் ஆட்டோகேடும் நன்றாக வந்தால் போதும், பிம் மாதிரி செய்யும் சாஃப்ட்வேரான ரெவிட்டை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டோகேடையும் ரெவிட்டையும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. மூன்றாம் ஆண்டில், நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு வீட்டை அவள் ரெவிட்டில் முழுதாக மாதிரி செய்யட்டும். அதிலிருந்து வரும் கம்பி, செங்கல், எம்-சாண்ட் அளவை உங்கள் கடை பில்களோடு ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு வித்தியாசம், ஏன் என்று எழுதி வைக்கட்டும். நேர்முகத் தேர்வில் அந்த ஒரு கோப்பு பத்துச் சான்றிதழ்களுக்கு மேல் பேசும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அலுவலகத்தில் மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை நிறுத்தி, டோட்டல் ஸ்டேஷனைக் கையால் தொட்டு அளந்திருக்கிறார்களா, அல்லது சார் செய்வதைச் சுற்றி நின்று பார்த்ததோடு சரியா என்று கேளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருக்கிறீர்களா? காலாவதியாகியிருந்தால் சேர்க்கைக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு வாரியம் உதவித்தொகை தருகிறது, பதிவு நடப்பில் இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.